பேச்சு சிகிச்சைத் துறையின் 2017: ஒரு பெயரும் ஓர் அளவும் கிடைத்த ஆண்டு

கேள்வி சுருக்கமானது: "மற்ற மருத்துவத் துறைகளுக்கு ஒரு தடுப்பூசி, ஓர் அறுவை சிகிச்சை என்று ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்ல ஏதாவது இருக்கிறது. பேச்சு சிகிச்சைத் துறைக்கு அப்படி ஒரு சாதனை ஆண்டு உண்டா?"

உண்டு. என்னைக் கேட்டால் 2017 என்பேன். அந்த ஆண்டில் புதிய மருந்தோ புதிய கருவியோ வந்துவிடவில்லை. பேச்சையும் மொழியையும் தொழிலாகக் கொண்ட ஒரு துறை, தன் வேலையைக் குறிக்கத் தனக்கே பொதுவான சொற்கள் இல்லாமல் பல பத்தாண்டுகள் தடுமாறியது. குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் ஒரு குறைபாட்டுக்கு ஒரே பெயரும், விழுங்க முடியாத நோயாளியின் தட்டிலும் தம்ளரிலும் இருப்பதற்கு ஒரே அளவும் ஆய்விதழ்களில் முறையாக வெளியானது அந்த ஆண்டில்தான். பக்கவாதத்தால் பேச்சை இழந்தவருக்கு மாதங்கள் பல கடந்த பின்னும் பயிற்சி பலன் தருமா என்ற பழைய கேள்விக்கு நம்பத்தக்க விடை ஒன்றும் அதே ஆண்டில் வந்தது.

பொதுச் சொற்கள் இல்லாத குறை, துறையின் பெயரிலேயே தெரியும். பிரிட்டனில் 'பேச்சு மொழி சிகிச்சையாளர்' எனப்படுபவர் ஆஸ்திரேலியாவில் 'பேச்சு நோயியலாளர்'. அமெரிக்காவில் 'பேச்சு மொழி நோயியலாளர்'. நம் மருத்துவமனைகளில் எல்லோருக்கும் அவர் 'ஸ்பீச் தெரபிஸ்ட்'. திக்குவாயையும் மழலையையும் திருத்துபவர் என்றே பலரும் இவர்களை நினைக்கிறார்கள். குரல் கெட்டவர்கள், பக்கவாதத்துக்குப் பின் சொல் கிடைக்காமல் தவிப்பவர்கள், மொழி தாமதமாகவோ கோணலாகவோ வளரும் குழந்தைகள், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலே புரையேறும் முதியவர்கள் என எல்லோரும் இவர்களிடம்தான் வருகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் பணிபுரியும் பலருக்கு நாளின் பெரும்பகுதி விழுங்குதலைச் சோதிப்பதிலேயே போய்விடும் என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள்.

முதலில் குழந்தைகளின் பெயர்ப் பிரச்சினையைச் சொல்கிறேன். ஆண்டின் பெரிய சாதனை அதுதான் என்பது என் கருத்து.

காது நன்றாகக் கேட்கும், மூளையில் காயம் இல்லை, ஆட்டிசம் இல்லை, வீட்டில் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனாலும் மொழி சரியாக வராத குழந்தைகள் இருக்கிறார்கள். மூன்று வயதில் சொற்கள் குறைவாக இருக்கும். ஆறு வயதில் வாக்கியம் குலையும். ஒன்பது வயதில், "பையை மாடியில் வைத்துவிட்டு, வரும்போது அத்தையிடம் சாவியை வாங்கி வா" என்றால் பாதிதான் மனதில் நிற்கும். வகுப்பில் கவனமில்லாதவன், சோம்பேறி, பிடிவாதக்காரி என்று பெயர் வாங்குவார்கள். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று நம் வீடுகளில் சொல்லிக் காத்திருப்பதும், நாக்கில் வசம்பு தடவுவதும் உங்களுக்குத் தெரிந்தவையே. அந்த வசம்புக்கு 'பேர் சொல்லாதது' என்றொரு வழக்குப் பெயர் உண்டு. இந்தக் குறைபாட்டின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

பெயரே இல்லை என்று சொல்வது முழுக்கச் சரியாகாது. பெயர்கள் மிகுந்திருந்ததுதான் சிக்கல். குழந்தைப் பருவ அஃபேசியா, வளர்ச்சிசார் டிஸ்ஃபேசியா, மொழித் தாமதம், மொழிக் கோளாறு, 'குறிப்பிட்ட மொழிக் குறைபாடு' என்று ஊருக்கு ஒன்று, துறைக்கு ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டோரதி பிஷப் 2014இல் ஆய்வு இலக்கியத்தைத் துழாவியபோது, இதே வகைக் குழந்தைகளைக் குறிக்க நூற்றுக்கும் மேற்பட்ட சொற்சேர்க்கைகள் புழக்கத்தில் இருப்பதைக் கண்டார். பெயர் சிதறிக்கிடந்தால் ஆய்வும் சிதறும். ஒரு பெயரில் தேடுபவருக்கு மற்றொரு பெயரில் எழுதப்பட்டது கிடைக்காது. நிதி வழங்குபவர் கண்ணில் அது ஒரு நோயாகவே படாது. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், அவர் வேறொரு கணக்கும் போட்டிருந்தார். ஆட்டிசத்தையும், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்றிருக்கும் ஏ.டி.எச்.டி. குறைபாட்டையும் பற்றி வெளியாகும் ஆய்வுகளோடு ஒப்பிட்டால், எத்தனை குழந்தைகளுக்கு இருக்கிறது, எவ்வளவு பாதிக்கிறது என்ற இரண்டையும் கருத்தில் கொண்ட பிறகும், இந்த மொழிக் குறைபாட்டைப் பற்றிய ஆய்வு மிகக் குறைவு என்பதே அந்தக் கணக்கின் முடிவு.

எத்தனை குழந்தைகள் என்பதற்கு நல்ல எண்கள் உள்ளன. அமெரிக்காவின் அயோவா பகுதியில் புரூஸ் டாம்ப்ளின் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளில் 7.4 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. அவர்களின் பெற்றோரில் 29 சதவீதம் பேருக்குத்தான் அதைப் பற்றி முன்பே யாரேனும் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோர்ட்னி நார்பரி குழு செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு 7.58 சதவீதம் என்றது. வேறு நாடு, வேறு காலம், வேறு சோதனைகள். எண் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய பெயர்களில் ஆய்வாளர்கள் அதிகம் கையாண்டது 'குறிப்பிட்ட மொழிக் குறைபாடு' என்பது. அந்தக் 'குறிப்பிட்ட' என்ற சொல்லுக்குள்தான் அநியாயம் ஒளிந்திருந்தது. மொழி மட்டும் பின்தங்கியிருக்க வேண்டும், மற்ற அறிவுத்திறன் இயல்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது 'குறிப்பிட்ட' குறைபாடு. படங்களையும் கட்டைகளையும் கொண்டு மொழியில்லாமல் அளக்கும் அறிவுத்திறன் சோதனையில் 85 மதிப்பெண்ணையாவது தாண்ட வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கோடு கிழித்திருந்தார்கள். மருத்துவச் சேவைகளும் பள்ளிகளும் அதே கோட்டைக் கைக்கொண்ட இடங்களில், 80 வாங்கிய குழந்தைக்கு 'எல்லாமே கொஞ்சம் மந்தம்' என்று கதவு மூடப்பட்டது. சர்ரே ஆய்வு இந்த நியாயத்தைத் தகர்த்தது. திறன் சராசரியாக உள்ள குழந்தைகளுக்கும் அதற்குச் சற்றுக் கீழே உள்ளவர்களுக்கும் மொழிக் குறையின் கடுமையிலோ நடத்தைச் சிக்கல்களிலோ பள்ளித் தேர்ச்சியிலோ வேறுபாடு இல்லை என்று அது காட்டியது. கோட்டின் இரு பக்கமும் ஒரே நோய் இருக்கும்போது அந்தக் கோடு எதற்கு?

இந்த நிலையில்தான் பிஷப்பும், உடன் மார்கரெட் ஸ்னோலிங், பால் தாம்ப்சன், ட்ரிஷ் கிரீன்ஹால் ஆகியோரும் 'கேட்டலைஸ்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முறைக்கு டெல்ஃபி என்று பெயர். வல்லுநர்களை ஓர் அறையில் கூட்டினால் குரல் உயர்ந்தவர், பதவி உயர்ந்தவர் கருத்தே வெல்லும். அதைத் தவிர்க்க, கூற்றுகளை எழுதி அனுப்பி, ஒவ்வொருவரும் தனியே மதிப்பெண் இட்டுக் காரணம் எழுத வேண்டும். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பெயர் மறைத்துத் தொகுத்துத் திரும்ப அனுப்புவார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் மதிப்பெண் இட வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து பேச்சு சிகிச்சையாளர்களும் உளவியலாளர்களும் குழந்தை மருத்துவர்களும் பிறரும் இதில் இருந்தார்கள். குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்ற முதல் கட்டம் 2016இல் வெளிவந்தது. என்ன பெயரிட்டு அழைப்பது என்ற இரண்டாம் கட்டத்தில் 57 பேர் பங்கேற்றார்கள். அதன் முடிவுகள் வெளியான ஆண்டு 2017.

முடிவான பெயரைத் தமிழில் 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்று சொல்லலாம். உலகம் முழுதும் அதன் சுருக்கம் 'டி.எல்.டி.' என்று வழங்குகிறது. தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாததும், அன்றாடப் பழக்கத்தையோ படிப்பையோ கணிசமாகப் பாதிப்பதும், ஆட்டிசம், டவுன் நோய்க்குறி, செவி நரம்புக் கேளாமை, மூளைக் காயம் போன்ற அறியப்பட்ட நிலை ஒன்றோடு சேராததும் ஆன மொழிச் சிக்கலே டி.எல்.டி. அப்படி ஒரு நிலை இருந்தால், 'இன்னதோடு சேர்ந்த மொழிக் குறைபாடு' என்று அழைக்க வேண்டும். அறிவுத்திறனுக்கும் மொழிக்கும் இடைவெளி இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை எடுக்கப்பட்டது. ஏ.டி.எச்.டி.யோ எழுத்துப் படிப்பதில் தடுமாற்றமோ உடன் இருக்கலாம். அது காரணமாக ஒரு குழந்தையை விலக்கக் கூடாது.

இதில் பெற்றோருக்கு உடனடியாகப் பயன்படும் சொல் 'தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாத' என்பதுதான். இரண்டு வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் பின்னர் மற்றவர்களை எட்டிப்பிடிப்பது உண்மை. ஆகவே இரண்டு வயதில் யாருக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. ஐந்து வயதைத் தாண்டியும் சொல், வாக்கியம், புரிதல் ஆகிய பல தளங்களில் தடுமாற்றம் நீடித்தால், 'தாமதம்' என்ற சொல் பொய்யான ஆறுதல். தாமதமான ரயில் எப்படியும் வந்து சேரும் என்ற நினைப்பை அந்தச் சொல் தருகிறது. துறை அதைக் கைவிட்டது சரி என்றே நினைக்கிறேன்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 'குறைபாடு' என்ற கடுமையான சொல் குழந்தைக்கு முத்திரை குத்தும் என்று குழுவுக்குள்ளேயே சிலர் தயங்கினார்கள்; மென்மையான சொற்களைக் கேட்டால் அரசும் பள்ளியும் அதற்கேற்ற மென்மையோடுதான் நிதி ஒதுக்கும் என்பது மறுதரப்பின் வாதம். அமெரிக்காவில் சில மரபியல், மொழியியல் ஆய்வாளர்கள் பழைய பெயரையே தொடர்ந்தார்கள். மொழி மட்டும் தனியே பின்தங்கும் குழந்தைகளைப் பிரித்துப் பார்த்தால்தான் மூலக் காரணம் தெரியும் என்பது அவர்கள் தரப்பு. ஆய்வகத்துக்குள் அது நியாயமான கோரிக்கையாக இருக்கலாம். சேவைக்காக வரிசையில் நிற்கும் குழந்தைக்கு அது உதவாது. 2017 செப்டம்பரிலேயே டி.எல்.டி. விழிப்புணர்வு நாள் முதல் முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.11 நோய் வகைப்பாட்டிலும் இந்தப் பெயரே நிற்கிறது. நோய்களின் அகராதியில் இடம் கிடைத்த பிறகு எந்தக் காப்பீட்டு அதிகாரியும் 'அப்படி ஒன்று இல்லையே' என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, விழுங்குதல்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வழக்கம். நலமாக உள்ளவருக்கு அது வேடிக்கை. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழும்பி, அதன் வாய் மூடி, மூச்சுப் பாதை அடைபட்டு, உணவு பின்பக்கமாக உணவுக்குழலுக்குள் இறங்க வேண்டும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய், தலை கழுத்துப் புற்றுநோய் போன்றவற்றில் இந்த ஒழுங்கு தாமதமாகும். தண்ணீர் போன்ற நீர்மம், மூடி மூடும் முன்பே ஓடிவிடும். ஓடிய பிறகு இருமல்கூட வராமல் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. அதனால்தான் சிகிச்சையாளர்கள் நீர்மத்தைக் கெட்டிப்படுத்தச் சொல்கிறார்கள்; கெட்டியானது மெதுவாக நகரும், தாமதித்த குரல்வளைக்கு நேரம் கிடைக்கும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் தொண்டையில் தங்கி, பிறகு வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு. ஆகவே எவ்வளவு கெட்டி என்பது உயிர்க் கேள்வி.

அந்தக் கேள்விக்கு உலகம் தந்த விடைகள் வினோதமானவை. அமெரிக்காவில் 2002இன் தரப்படி பூந்தேன், தேன், புட்டிங் என மூன்று. பிரிட்டனில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் 150, 400, 900 என்ற எண்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போன செவிலியருக்கும், ஒரு நாட்டு ஆய்வை இன்னொரு நாட்டில் படித்த மருத்துவருக்கும் எது எதற்குச் சமம் என்று தெரியாது. தேன் போல என்றால் எந்தத் தேன்? மலைத்தேனா, கடைப் புட்டியில் வரும் தேனா, மார்கழிக் குளிரில் உறைந்த தேனா?

சர்வதேச டிஸ்ஃபேஜியா (விழுங்கல் சிரமம்) உணவுத் தரப்படுத்தல் முயற்சி, சுருக்கமாக 'இட்ஸி', இதற்காக உருவானது. ஆஸ்திரேலியாவின் பேச்சு நோயியலாளர் ஜூலி சிச்செரோ உள்ளிட்டோர், சிகிச்சையாளர்கள், உணவியலாளர்கள், செவிலியர்கள், சமையல் வல்லுநர்கள், தயாரிப்பு நிறுவனங்கள் எனப் பல தரப்பையும் கேட்டு உருவாக்கிய கட்டமைப்பை 'டிஸ்ஃபேஜியா' ஆய்விதழில் 2017இல் விரிவாக வெளியிட்டார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். நீர்மங்களுக்கு 0 முதல் 4 வரை, உணவுக்கு 3 முதல் 7 வரை. 3உம் 4உம் இரண்டுக்கும் பொது, ஏனென்றால் கரைத்த உணவும் கெட்டியான பானமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஒவ்வொரு நிலைக்கும் எண்ணும் நிறமும் பெயரும் உண்டு. மொழி தெரியாத சமையலறைப் பணியாளரும் நிறத்தைப் பார்த்துத் தட்டை எடுத்துக்கொடுக்கலாம்.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் சோதனை முறை. ஆய்வகக் கருவி எதுவும் வேண்டாம். 10 மில்லி சிரிஞ்சு ஒன்று, கடிகாரம் ஒன்று. ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் மூடி, பானத்தை 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்து, சரியாக 10 நொடியில் மறுபடி மூட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவு என்றால் 0ஆம் நிலை, அதாவது தண்ணீர். 1 முதல் 4 வரை மிஞ்சினால் 1ஆம் நிலை. 4 முதல் 8 வரை என்றால் 2. 8க்கு மேல் 10க்குள் என்றால் 3. சொட்டே விழாவிட்டால் 4. சிரிஞ்சிலும் ஒரு நுணுக்கம் உண்டு: 0 குறியிலிருந்து 10 குறி வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் உள்ளதாக அது இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை. உணவுக்கு முள்கரண்டி போதும். 5ஆம் நிலையில் பெரியவர்களுக்கு உணவுத் துணுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அது ஏறக்குறைய முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. 6ஆம் நிலையில் 15 மில்லிமீட்டர் வரை போகலாம். குழந்தைகளுக்கு அது 8 மில்லிமீட்டர். முள்கரண்டியால் அழுத்தும்போது உங்கள் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தத்தில் உணவு நசுங்கி, திரும்ப எழாமல் இருக்க வேண்டும்.

சோறு உண்ணும் நமக்கு இதில் சில செய்திகள் உண்டு. நோயாளிக்கு ரசம் சாதம் லேசானது என்று நம் வீடுகளில் நம்புகிறோம். வாயில் ஒரே நேரத்தில் ஓடும் நீரும் மெல்ல வேண்டிய பருக்கையும் இருப்பது விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கடினமான கலவைகளில் ஒன்று. பருக்கையை மெல்லும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். 5, 6ஆம் நிலைகளில் சோறு பசைபோல ஒட்டவும் கூடாது, தனித்தனிப் பருக்கையாக உதிரவும் கூடாது என்று இட்ஸி வரையறுக்கிறது. நன்கு குழைத்து, கெட்டித் தயிரில் பிசைந்து, நீர் பிரியாமல் இருக்கும் தயிர்சாதம் அந்த இலக்கணத்துக்கு அருகில் வரும். ஆறிப்போய் இறுகிய அதே தயிர்சாதம் வராது. சமைத்தபோது சோதித்தால் போதாது, வாய்க்குப் போகும் நேரத்தில் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இவையெல்லாம் அவரவர் சிகிச்சையாளர் நேரில் சோதித்து நிலையைக் குறித்துக்கொடுத்த பிறகு செய்ய வேண்டியவை. படித்துவிட்டு வீட்டில் தொடங்குவதற்கு உரியவை அல்ல.

சொல்லுக்காக இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு, இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2018 ஜூனில் விடுத்த பாதுகாப்பு எச்சரிக்கையைக் காட்டலாம். 'மென்மையான உணவு' என்ற சொல்லை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டதால் நோயாளிக்குக் கடும் பாதிப்பு நேர்ந்ததாகத் தெரிந்த 7 நிகழ்வுகளை அது இரண்டு ஆண்டுக் காலப் பதிவுகளிலிருந்து எடுத்துக்காட்டியது. அவர்களில் 2 பேர் இறந்துவிட்டார்கள். 'மென்மை' என்றால் பல் வலிக்காரருக்கு ஒன்று, பக்கவாதக்காரருக்கு வேறு. 2019 ஏப்ரலுக்குள் இட்ஸிக்கு மாறிவிட வேண்டும் என்று அந்த எச்சரிக்கை கெடு வைத்தது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு மே 1 அன்று மாறியது.

இட்ஸி எதைச் சாதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அது கெட்டித்தன்மையை அளக்கக் கற்றுத்தந்தது. கெட்டிப்படுத்துவது நுரையீரல் அழற்சியைத் தடுக்கும் என்று நிறுவவில்லை. மறதி நோயோ பார்க்கின்சனோ உள்ள 515 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2008இல் வெளியிட்ட பெரிய சோதனையில், தாடையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தவர்களுக்கும் கெட்டிப்படுத்திய பானம் குடித்தவர்களுக்கும் மூன்று மாதங்களில் நிமோனியா வந்த விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. கெட்டியான பானத்தை யாரும் ஆசையாகக் குடிப்பதில்லை. உடலில் நீர் வற்றும் ஆபத்தும் கூடுகிறது. ஆனால் ஒரே அளவு இல்லாத காலத்தில் இந்த விவாதத்தை முறையாக நடத்தவே வழியில்லை என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு அறிவு தெளிவாக இருக்க, சொல் மட்டும் நழுவிப்போகும் நிலை. முதல் சில மாதங்களில் ஓரளவு தானாகத் திரும்பும். ஆறு மாதம் போனபின் 'இனி இவ்வளவுதான்' என்று குடும்பத்திடம் சொல்லிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பிரிட்டனில் 170 பேரைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஒரு சோதனை துறையைக் கலங்கவைத்தது: ஆரம்ப மாதங்களில் சிகிச்சையாளரின் பயிற்சி பெற்றவர்களுக்கும், பயிற்சி இல்லாமல் அன்போடு வந்து உடனிருந்து பேசிய சாதாரண வருகையாளரைப் பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'அப்படியானால் சிகிச்சையாளர் எதற்கு?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

2017இல் லான்செட் இதழில் வெளிவந்த காட்டரினா பிரைட்டன்ஸ்டைன் குழுவின் ஆய்வு இந்தப் பின்னணியில்தான் முக்கியமாகிறது. ஜெர்மனியின் 19 மையங்களில், பேச்சிழந்து ஆறு மாதங்களாவது ஆகிவிட்ட, 70 வயதுக்கு மேற்படாத 156 பேர். சீட்டுக் குலுக்கலைப் போலப் பிரித்து, பாதிப்பேருக்கு உடனே தீவிரப் பயிற்சி. மீதிப்பேர் மூன்று வாரம் காத்திருந்து பிறகு அதே பயிற்சி. தீவிரம் என்றால் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், குறைந்தது மூன்று வாரம். அளந்தது தனிச் சொற்களின் எண்ணிக்கையை அல்ல. சலவைக் கடையில் உங்கள் சட்டை கருகித் திரும்பி வருகிறது, கடைக்காரரிடம் என்ன சொல்வீர்கள் என்பது போன்ற பத்து அன்றாடச் சூழல்களில், கருத்தைப் புரியவைக்க முடிகிறதா என்பதற்கு அதிகபட்சம் 50 மதிப்பெண். பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 2.61 மதிப்பெண் முன்னேறினார்கள். காத்திருந்த காலத்தில் மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. கிடைத்த பலன் ஆறு மாதங்களுக்குப் பிறகும் நிலைத்தது.

2.61 சிறிய எண். பக்கவாதத்துக்கு முன் இருந்த பேச்சு இதனால் திரும்பி வந்துவிடாது. 70 வயதைத் தாண்டியவர்களைப் பற்றியும் இது எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதக் கோட்டுக்குப் பிறகு கதவு மூடிவிடுகிறது என்ற நம்பிக்கையை இது உடைத்தது. எவ்வளவு பயிற்சி என்பதையும் மணிக்கணக்கில் சொன்னது. வாரத்துக்கு அரைமணி நேரம் என்று நம் ஊர்களில் நடக்கும் பயிற்சி பலன் தரவில்லை என்றால், குறை பயிற்சியிலா அதன் அளவிலா என்று இனிக் கேட்கலாம்.

இதே 2017இல் ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை, தான் 2015இல் நடத்திய கணக்கெடுப்பிலிருந்து, ஏதோ ஓர் அளவில் தொடர்பாடல் குறைபாட்டோடு வாழும் ஆஸ்திரேலியர்கள் 12 லட்சம் பேர் என்று வெளியிட்டது. அதுவரை பேச்சு சிகிச்சைத் துறை சொன்னது அதன் சொந்த மதிப்பீடு. இப்போது அரசின் கணக்கு. நிதி கேட்டுப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

கடைசியாக, வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு செய்தி டி.எல்.டி. முடிவுகளுக்குள்ளேயே இருக்கிறது. டொரொன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ பள்ளி மொழியில் பின்தங்கும் குழந்தையை, அந்த மொழியில் மட்டும் சோதித்து டி.எல்.டி. என்று சொல்லக் கூடாது. வீட்டு மொழியிலும் தடுமாற்றம் இருந்தால்தான் அது குறைபாடு, இல்லாவிட்டால் அது புதிய மொழியைக் கற்கும் வழியில் உள்ள குழந்தை. ஆங்கிலச் சோதனையை அப்படியே தமிழாக்கினாலும் போதாது. ஆங்கிலக் குழந்தைகளிடம் இந்தக் குறைபாட்டின் அடையாளம் வினையின் காலம் காட்டும் இறுதி ஒலியை விட்டுவிடுவது. தமிழில் வினையடியோடு காலமும் இடமும் பாலும் ஒட்டி நிற்பதால், 'வந்தான்' என்பதில் எதையாவது விட்டுவிட்டு முழுச் சொல்லாக நிறுத்த முடியாது, பிழை வேறு உருவில்தான் வரும். எனவே மதிப்பீட்டுக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: குழந்தையின் தமிழைப் பற்றி எங்களிடம் விரிவாகக் கேட்பீர்களா, தமிழ் தெரிந்தவர் ஒருவர் உடனிருப்பாரா, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்வீர்களா? மூன்றாவதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் வேறு சிகிச்சையாளரைத் தேடுங்கள்.